கேளிக்கைக் கோட்டையிலும் ஆட்குறைப்பு!

அமெரிக்காவில் டிஸ்னிலாந்து என்று ஓர் உல்லாசப் பூங்கா இருக்கிறது. மிக்கி என்ற எலியின் படம் போட்ட சட்டையை நம் ஊர்ச் சந்தைகளில்கூடக் காணலாம். அந்த எலிக்குச் சொந்தக்கார ஸ்தாபனமான வால்ட் டிஸ்னி கம்பெனி நடத்துகிற பூங்காதான் இது. இந்தப் பூங்காவை முப்பது வருஷம், நாற்பது வருஷமாக நேசித்து வந்த ஜனங்கள் அங்கே உண்டு. சிறு வயதில் தகப்பன் கையைப் பிடித்துப் போனவர்கள், பிற்பாடு தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போனவர்கள். அவர்கள் இன்று கம்பெனியின் மீது கடும் அதிருப்தி கொண்டிருக்கிறார்கள். விலையை ஏற்றினார்கள், இலவசமாகத் தந்ததைப் பிடுங்கினார்கள், ஆளைக் குறைத்தார்கள், பூங்காவின் களையே போய்விட்டது என்பது அவர்கள் குறை.

பென்னாகரம் பக்கம் கடலைக் கொல்லையில் களையெடுக்கும் தாய்க்கும், பாலக்கோடு சர்க்கரை ஆலையில் அரவைப் பருவத்தில் மட்டும் வேலை கிடைக்கும் தொழிலாளிக்கும் இதில் என்ன சம்பந்தம்? பணம் கொடுத்து ராட்டினம் ஏறுகிற அமெரிக்கனின் மனக்குறை நமக்கு எதற்கு? இப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் சம்பந்தம் இருக்கிறது. ஒன்றல்ல, பல இருக்கின்றன. அவற்றை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பூங்காவை உண்டாக்கியது யார்?

1955-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி காலிபோர்னியா மாகாணத்தில் அனாஹைம் என்ற ஊரில் முதல் பூங்கா திறக்கப்பட்டது. 1971 அக்டோபரில் புளோரிடா மாகாணத்தில் ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று திறக்கப்பட்டது. ஜனங்கள் அங்கே எதை விரும்பிப் போனார்கள்? குப்பை கிடக்காத தெரு. சரியாக ஓடும் ராட்டினம். வேஷம் கட்டி வந்து குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் மிக்கி. இரவில் வாணவேடிக்கை. முகம் சுளிக்காமல் வழி சொல்லும் ஆட்கள்.

இதில் முதலாளியின் கை எங்கே இருக்கிறது? தெருவைப் பெருக்கியது தொழிலாளி. ஜனங்கள் போன பிறகு இரவெல்லாம் ராட்டினத்தைக் கழற்றி, எண்ணெய் போட்டு, திருகு முறுக்கி வைத்தது பிட்டர். மிக்கியின் தலைக்குள்ளே வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்பது ஒரு மனிதன். பல சமயம் ஒரு பெண். கம்பெனி இவர்களைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை. 'நடிகர் குழுவைச் சேர்ந்தவர்' என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறது. பெயரில் உள்ள கௌரவம் சம்பளச் சீட்டில் இல்லை.

நம் ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரியை எவனும் உண்டாக்கவில்லை. ஆனால் சுழலுக்கும் பாறைக்கும் நடுவே பரிசலைத் திருப்பும் கை பரிசல் தொழிலாளியின் கை. மீனை மசாலா தடவிப் பொரிப்பதும், எண்ணெய் தேய்த்து உடம்பு பிடிப்பதும் உழைப்பாளியின் கை. ஒகேனக்கல் போய்வந்தவர் ஊருக்குத் திரும்பிச் சந்தோஷமாகப் பேசுவதில் பாதி இந்த உழைப்பைப் பற்றித்தான். ஆற்றில் வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை போட்டால், அன்றைக்கு அந்தக் கைக்குக் கூலி இல்லை. அருவிக்கு வந்தவர் ஏமாற்றத்தோடு பஸ் ஏறுகிறார். பரிசல்காரரோ அடுப்பை நினைத்துக்கொண்டு வீடு போகிறார்.

கேளிக்கை என்பதும் உழைப்பே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கத்தரிக்கோல் நுழைந்த விதம்

1999 முதல் அந்தப் பூங்காக்களில் ஓர் ஏற்பாடு இருந்தது. நீண்ட வரிசையில் நின்று கால் கடுக்காமல், நேரம் குறித்த சீட்டை வாங்கிக்கொண்டு அந்த நேரத்துக்கு வந்து ராட்டினம் ஏறலாம். சீட்டுக்குக் காசு இல்லை. 2021 அக்டோபரில் புளோரிடாவில் இதை எடுத்துவிட்டு, ஆளுக்கு நாளைக்கு 15 டாலர் கட்டு என்றார்கள். காலிபோர்னியாவில் 20 டாலர். 2024 அக்டோபரில் இன்னொரு உயர்ந்த சீட்டு வந்தது. புளோரிடாவில் அதன் விலை 129 டாலரிலிருந்து 449 டாலர் வரை. அதாவது, பணம் உள்ளவன் முன்னால் போகலாம், இல்லாதவன் வெயிலில் நிற்கலாம்! விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு 2005 முதல் விட்டிருந்த இலவச பஸ்ஸை 2022 ஜனவரியில் நிறுத்தினார்கள்.

1955-ல் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் 1 டாலர். ராட்டினத்துக்குத் தனிக் காசு. டாலரின் மதிப்பு குறைந்ததைக் கணக்குப் பார்த்தாலும் அது இன்றைக்கு ஏறக்குறைய 12 டாலர்தான். ஆனால் 2024 அக்டோபரில், கூட்டம் மிகுந்த நாட்களுக்கான ஒரு நாள் சீட்டு 206 டாலர் ஆயிற்று.

2021 நவம்பரில் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். கம்பெனியின் நிதி அதிகாரி பங்குச் சந்தைக்காரர்களிடம் பேசும்போது, செலவைச் சமாளிக்கச் சாப்பாட்டின் அளவைக் குறைக்கலாம், சிலருடைய இடுப்புக்கும் அது நல்லதுதான் என்று பொருள்படச் சொன்னார். பண்ணையாட்களுக்குக் கூழின் அளவைக் குறைத்துவிட்டு, வயிறு லேசாக இருந்தால் வேலை நன்றாக ஓடும் என்று சொன்ன மிராசுதாரின் வாரிசுகள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள்!

சாப்பாட்டைக் குறைத்தவர்கள் ஆட்களை விடுவார்களா? கொரோனா நோய் பரவிய 2020-ல் பூங்காக்கள் மூடப்பட்டன. அந்த வருஷம் செப்டம்பரில் 28,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாகக் கம்பெனி அறிவித்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பகுதி நேரத் தொழிலாளர்கள். இரண்டே மாதத்தில் இந்த எண்ணிக்கை 32,000 ஆயிற்று. நோய்க்காலம், வேறு வழியில்லை என்றார்கள். சரி, நோய் தணிந்து ஜனங்கள் திரும்ப வந்தார்களே, பிறகு என்ன நடந்தது? 2023 பிப்ரவரியில் கம்பெனி முழுவதிலுமாக மேலும் 7,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். 550 கோடி டாலர் மிச்சம் பிடிப்பது குறி. 2024-ம் நிதியாண்டில் பூங்கா, கப்பல் உல்லாசம் முதலியவை அடங்கிய பிரிவு மட்டும் தந்த லாபம் சுமார் 927 கோடி டாலர்! நஷ்டத்தில் ஓடும் கடையா இது?

தொழிலாளியின் நிலை என்ன? 2018-ல் டிஸ்னிலாந்துத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்புக்காக நடத்தப்பட்ட ஓர் ஆய்வில் சுமார் 5,000 தொழிலாளர்களை விசாரித்தார்கள். அன்றாடச் செலவுக்கே சம்பளம் போதவில்லை என்று சொன்னவர்கள் 73 சதவீதம். முந்திய இரண்டு வருஷங்களில் ஏதோ ஒரு சமயம் குடியிருக்க வீடில்லாமல் இருந்தவர்கள் 11 சதவீதம். குழந்தைகளுக்குக் கோட்டை காட்டுகிறவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் தலைக்கு மேல் கூரை இல்லாமல் திண்டாடினார்கள். அதே 2018-ல் கம்பெனியின் தலைவர் ராபர்ட் ஐகருக்குக் கிடைத்த ஊதியம் 6 கோடியே 56 லட்சம் டாலர். கம்பெனியைத் தோற்றுவித்த சகோதரர்களில் ஒருவரின் பேத்தியான அபிகெயில் டிஸ்னியே இது அநியாயம் என்று 2019-ல் பகிரங்கமாகப் பத்திரிகையில் எழுதினார்.

கோபம் சரி, குறி தப்பலாமா?

பூங்காவை நேசித்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் எங்கே போய் விழுந்தது? பலருடைய கோபம் ஒரு தனி மனிதர் மேல் விழுந்தது. பாப் சாபெக் என்பவர் 2020-ல் கம்பெனிக்குத் தலைவராக வந்தார். அவர்தான் எல்லாவற்றையும் கெடுத்தார், அவரை நீக்கு என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். 2022 நவம்பரில் அவர் நீக்கப்பட்டார். பழைய தலைவர் ஐகர் திரும்பி வந்தார். பூங்கா ரசிகர்கள் கொண்டாடினார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. 7,000 பேர் நீக்கம் என்ற அறிவிப்பு அதே ஐகரிடமிருந்து வந்தது!

மானேஜர் மாறினால் ஆலை மாறிவிடும் என்று நம்பி ஏமாந்த மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மானேஜர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல பிரச்னை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பங்குச் சந்தையில் லாபக் கணக்குக் காட்டியாக வேண்டும். போன தடவையைவிட இந்தத் தடவை கூடுதலாகக் காட்ட வேண்டும். ராட்டினத்தில் ஒரு நாளைக்கு ஏறும் ஜனத்தொகைக்கு ஓர் எல்லை உண்டு. எனவே ஒரு பக்கம் வருகிறவரின் பையில் கை வைக்க வேண்டும். மறு பக்கம் தொழிலாளியின் வயிற்றில் கை வைக்க வேண்டும். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இந்த வேலையைச் செய்யத்தான் உட்காருகிறார்.

இன்னும் சிலர், வால்ட் டிஸ்னி உயிரோடு இருந்த காலம் பொற்காலம் என்று பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் பொற்காலத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். 1941 மே மாதத்தில் டிஸ்னியின் படக்கூடத்தில் சித்திரம் வரையும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏன்? சங்கம் சேர்த்தவர்களை, முன்னணிச் சித்திரக்காரரான ஆர்ட் பாபிட் உட்பட, முதலாளி வேலையிலிருந்து நீக்கியதுதான் தீப்பொறி. கடைசியில் கம்பெனி சங்கத்தை அங்கீகரிக்க வேண்டி வந்தது. 1947-ல் அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டியின் முன் போய், அந்த வேலைநிறுத்தத்துக்குக் கம்யூனிஸ்டுகளே காரணம் என்று வால்ட் டிஸ்னி சாட்சி சொன்னார். வயிறு கேட்ட கேள்விக்குக் கம்யூனிஸ்டு மீது பழி போடுவது எல்லா நாட்டு முதலாளிகளுக்கும் பழக்கமான தந்திரம்! பொற்காலம் என்று ஒன்று இருந்ததானால், அதைத் தொழிலாளியின் கைத்திறனும் சங்கத்தின் பலமும் கொண்டுவந்தன.

நம்மவரைக் கோடாரிக்காம்பாக்கிய கதை

இனி, தமிழ்நாடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. 2014 அக்டோபரில் ஆர்லாண்டோவில் டிஸ்னியின் கம்ப்யூட்டர் பிரிவைச் சேர்ந்த சுமார் 250 பேருக்கு வேலை நீக்க உத்தரவு வந்தது. 2015 ஜனவரி 30 கடைசி நாள். அந்த வேலைகளில் பல, இந்தியாவிலிருந்து தற்காலிக விசாவில் ஆட்களைக் கொண்டுவரும் ஒப்பந்தக் கம்பெனிகளுக்குப் போயின. அதைவிடக் கொடுமை, வேலை போகிறவர்கள் தங்கள் இடத்துக்கு வருகிறவர்களுக்குத் தாங்களே வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது! எச்.சி.எல்., காக்னிசன்ட் ஆகிய ஒப்பந்தக் கம்பெனிகள் மீதும் டிஸ்னி மீதும் 2016-ல் வழக்குப் போட்டார்கள். அந்த வருஷமே கோர்ட் அவற்றைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 2015 ஜூனில் இந்தச் செய்தி பத்திரிகைகளில் வந்து ஊரெங்கும் கூச்சல் எழுந்ததும், வேறொரு பிரிவில் சுமார் 35 பேரை இதே மாதிரி நீக்கும் திட்டத்தைக் கம்பெனி கைவிட்டது.

வேலை இழந்த அமெரிக்கத் தொழிலாளி யார் மீது கோபப்படுவான்? எதிரே உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ளும் இந்தியப் பையன் மீது. கடன் வாங்கிப் படித்து, ஊரில் கல்யாணத்துக்கு நிற்கும் தங்கைக்காகக் கடல் கடந்து போன பையன் அவன். இந்த ஏற்பாட்டைச் செய்தவன் அவனல்ல. தொழிலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்க, முதலாளி லாபத்தை எண்ணிக்கொண்டிருந்தார். காட்டை வெட்டக் காட்டிலிருந்தே காம்பு எடுக்கிறார்கள். காம்புக்கும் விமோசனம் இல்லை. 2025 ஜூலையில் நம் நாட்டின் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான டி.சி.எஸ்., தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. வெள்ளைச் சட்டை போட்ட தொழிலாளிக்கும் கத்தரிக்கோல் ஒன்றுதான்.

சிக்கனத்தின் விலை உயிர்

கேளிக்கைத் தொழிலில் செலவைக் குறைப்பது வெறும் வசதிக் குறைவோடு நிற்பதில்லை. நம் நாட்டிலேயே பாருங்கள். 2019 ஜூலை 14-ந் தேதி ஆமதாபாத்தில் காங்கரியா ஏரிக்கரையிலுள்ள பூங்காவில் ஊசல் போல ஆடும் ராட்டினம் ஒன்று நடுவானில் முறிந்து விழுந்தது. 2 பேர் மாண்டார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். 2024 மே 25-ந் தேதி ராஜ்கோட் நகரில் ஒரு விளையாட்டுக் கூடம் தீப்பிடித்து 27 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அவர்களில் உண்டு. தீயணைப்புத் துறையின் அனுமதிச் சான்று இல்லாமலே அந்தக் கூடம் நடந்து வந்தது. அன்றைக்கு நுழைவுக் கட்டணம் 99 ரூபாய்தான் என்று விளம்பரம் செய்து கூட்டத்தைச் சேர்த்திருந்தார்கள்.

பத்து பிட்டர் பார்க்க வேண்டிய வேலையை மூன்று பேர் பார்த்தால் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எட்டு மணிக்குப் பதில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளியின் கண் அசந்தால் யார் பொறுப்பு? விபத்து நடந்த பின் பிடித்துக்கொண்டு போவது பெரும்பாலும் விசைப்பலகையில் நின்ற கூலிக்காரனைத்தான்.

மில் தொழிலாளிக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். இரண்டு தறி ஓட்டியவனை நாலு தறி ஓட்டச் சொன்னார்கள். அதற்கு ரேஷனலைசேஷன் என்று பெயர் வைத்தார்கள். நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றால் அந்த இடத்தில் பதிலியும் காண்டிராக்ட் ஆளும் வந்தார்கள். தருமபுரி, அரூர்க் கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகளை நூற்பு ஆலை விடுதிகளில் அடைத்து, கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டிச் சொற்பக் கூலிக்கு வேலை வாங்கினார்கள். கழனியில் இருபது பேர் செய்த அறுவடையை யந்திரம் செய்தது. மிஞ்சிய வேலைக்குக் கூலியைப் பேரம் பேசினார்கள். டிஸ்னியின் 'நடிகர் குழு'வும் நமது பதிலிகளும் ஒரே பட்டியலில் இருப்பவர்கள்.

சட்டம் காப்பாற்றுமா? 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஆட்குறைப்புச் செய்யச் சர்க்காரின் முன்அனுமதி வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தில் ஒரு வேலி இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, அந்த 100-ஐ 300 ஆக்கிவிட்டது. 299 பேர் வேலை செய்யும் ஆலையில் முதலாளி யாரையும் கேட்க வேண்டியதில்லை! பூங்கா, ஓட்டல், கம்ப்யூட்டர் கம்பெனித் தொழிலாளிக்கோ பழைய வேலியும் கிடையாது, புதிய வேலியும் கிடையாது.

வழி இருக்கிறது

சோர்ந்து போக வேண்டியதில்லை. அதே அனாஹைமில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2018 நவம்பரில் அந்த ஊர் ஜனங்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: நகரசபையின் சலுகை வாங்கும் உல்லாசத் தொழில் முதலாளிகள் தொழிலாளிக்கு மணிக்கு 15 டாலர் தர வேண்டும், அது படிப்படியாக 18 டாலராக உயர வேண்டும். இந்தச் சட்டம் எங்களைக் கட்டாது என்று கம்பெனி வாதாடியது. தொழிலாளர்கள் விடவில்லை. 2023-ல் மேல்முறையீட்டுக் கோர்ட் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில், 50,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்காக 23 கோடியே 30 லட்சம் டாலர் தரக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆறு வருஷப் போராட்டம்!

2024 மே மாதத்தில், மிக்கி வேஷம் கட்டுகிறவர்களும் ஊர்வலத்தில் ஆடுகிறவர்களும் 953-க்கு 258 என்ற வாக்கு வித்தியாசத்தில் சங்கத்தில் சேர்ந்தார்கள். ஜூலையில் 14,000 தொழிலாளர்களுக்காக நாலு சங்கங்கள் வேலைநிறுத்த வாக்கெடுப்பு நடத்தின. வாக்களித்தவர்களில் 99 சதவீதம் பேர் 'நிறுத்துவோம்' என்றார்கள். ஒரு நாள் வேலை நிற்பதற்குள் கம்பெனி இறங்கி வந்து, அடிப்படைக் கூலியை மணிக்கு 24 டாலராக்கச் சம்மதித்தது. இந்தக் கூலியை ரூபாயாக மாற்றிப் பார்த்து மலைக்க வேண்டாம். வீட்டு வாடகையும் ரொட்டியும் அங்கே டாலரில்தான். அந்த ஊர் வாடகைக்கு அது இன்னும் போதாது. ஆனாலும் பிச்சையாக வந்ததல்ல, பிடித்து வாங்கியது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. பூங்காவுக்கு வருகிறவனும் பூங்காவில் உழைக்கிறவனும் தனித்தனியே முணுமுணுத்தபோது கம்பெனி சிரித்தது. தொழிலாளர் சங்கமாகத் திரண்டு, ஊர் ஜனங்கள் வாக்குச் சீட்டோடு அவர்கள் பக்கம் நின்றபோது கம்பெனி பணிந்தது. உன் குழந்தையின் சிரிப்பைக் குறைத்தவனும் என் குழந்தையின் சோற்றைக் குறைத்தவனும் ஒருவனே என்று இரு தரப்பும் உணர்ந்த இடத்தில்தான் வெற்றி பிறந்தது.

எனவே நாம் கோருகிறோம்: ஆட்குறைப்புக்கு முன்அனுமதி என்ற வேலியை மீண்டும் 100 பேருக்கே கொண்டுவர வேண்டும், பூங்கா, ஓட்டல், கம்ப்யூட்டர் கம்பெனித் தொழிலாளிக்கும் அதை விரிவாக்க வேண்டும். ராட்டினமும் விளையாட்டுக் கூடமும் சர்க்கார் என்ஜினியரின் சோதனைக்குப் பிறகே ஓட வேண்டும். சோதனை அறிக்கையை வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். நிரந்தர வேலைக்கு நிரந்தரத் தொழிலாளி வேண்டும். ஒகேனக்கல்லில் வெள்ளத் தடை விதிக்கும் நாட்களுக்குப் பரிசல் தொழிலாளிக்கு நிவாரணம் வேண்டும்.

தோழர்களே! திருவிழாவில் குழந்தையைத் தூக்கி ராட்டினத்தில் உட்கார வைக்கும்போது, அதைச் சுற்றுகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். எத்தனை மணி நேர வேலை, என்ன கூலி, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். அவர் தாமதம் செய்தால் திட்டாதீர்கள்; அவரோடு இன்னும் எத்தனை பேர் நிற்க வேண்டும், ஏன் நிற்கவில்லை என்று யோசியுங்கள். அவர் சங்கத்தில் இல்லையென்றால் சங்கத்தின் முகவரியைச் சொல்லுங்கள்.

ஆட்குறைப்பை எதிர்ப்போம்! உழைப்பவரும் ஊர் ஜனங்களும் ஓரணியில் திரள்வோம்!